நாற்பது பக்க நோட்டு

வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு:
தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை.
ஐந்து நாளாக நான் ஒன்று சேர்த்திருக்கிறேன்:
வார்த்தை இல்லாத ஜெபம்.

எங்கள் வீட்டில் ஜெபம் எப்சிபாவின் இலாகா.
கரண்ட் பில், கேஸ், பஞ்சர் ஒட்டுவது என்னுடையது.
விடியற்காலை நாலரைக்கு
முக்காட்டைப் போட்டுக்கொண்டு
சமையலறை வாசலில் அவள் முணுமுணுப்பாள்.
மிக்சி ஓடாத வரைக்கும் சரி என்று
புரண்டு படுப்பேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன் எனக்கு.
தோலில் மயிரிழைக் கீறல் இருந்தாலும்
விரல் நுனி சொல்லிவிடும்.
அவள் தலைக்குள் ஒரு நரம்பு
மெலிந்துகொண்டே வந்ததை
இதே விரல்தான் சொல்லவில்லை.

ஐ.சி.யூ.வுக்கு வெளியே இரும்பு நாற்காலிகள்.
காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம்.
மிச்சமெல்லாம் கதவு.
ஆயர் வந்தார், நீளமாக ஜெபித்தார்,
கடைசி பஸ்ஸுக்குப் போனார்.
அவர் போன பிறகு நான் முயன்றேன்.
'ஆண்டவரே' என்றேன்.
அடுத்த சொல் வரவில்லை.
ஞாயிறுதோறும் எல்லாரோடும் சேர்ந்து சொன்னவன்தான்;
தனியாகச் சொல்லப்போனால்
வாயெல்லாம் பாலாற்று மணல்.

ஆதார் கார்டுக்காக அவள் பையைத் துழாவினேன்.
கிடைத்தது நோட்டு.
பின்னட்டையில் வாய்ப்பாடு,
உள்ளே அவள் கையெழுத்து:

மூணாவது வீட்டு பரிமளா. கட்டி, பயப்படும்படி இருக்கக் கூடாது.
லைனிங் செக்ஷன் ஜோயல்ராஜ். குடி.
நஸீமா அக்கா மகளுக்குச் சம்பந்தம் கூடிவரணும்.
இவரைத் திட்டின சூப்பர்வைசர். அவங்க அம்மா கால் புண்.

நடந்ததற்கெல்லாம் டிக்.
நடக்காததற்கு டிக் இல்லை,
அடித்தலும் இல்லை.

எனக்கென்று என்ன கேட்பதெனத் தெரியவில்லை.
ஆள் வராத மெஷினில்
அடுத்தவன் உட்காருவதில்லையா,
அப்படி உட்கார்ந்தேன்.
பரிமளாவின் கட்டி, ஆண்டவரே.
ஜோயல்ராஜின் குடி.
அந்தச் சூப்பர்வைசர்
(இதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது),
அவன் தாயின் கால்.

எட்டாம் பக்கம் திருப்பும்போது
கை நடுக்கம் நின்றிருந்தது.
பதினொன்றாம் பக்கத்தில்
'இவர் முன்ன மாதிரி சிரிக்கணும்.'
தேதி, மூன்று வருடம் முந்தியது.
டிக் இல்லை.
நாலு பக்கம் தள்ளி மறுபடி அதே வரி.
இன்னும் தள்ளி, மறுபடி.
வீட்டுக் கடனுக்குத்தான் ஜெபிக்கிறாள் என்றிருந்தேனே,
இத்தனை நாளும்.

பக்கத்து நாற்காலிக்காரர்
தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான்
நான் அழுவது எனக்குத் தெரிந்தது.
வங்காளி. ஏழாம் கட்டிலில் மகன்.
பாஷை கிடையாது.
நோட்டைக் காட்டி, என்ன என்றார் புருவத்தால்.
கைகூப்பிக் காட்டினேன்.
கொஞ்சம் யோசித்தார்.
பிறகு நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை சொன்னார்:
தீ-பாங்-கர்.
எழுதிக்கொண்டேன். எழுத்து சரியோ தப்போ,
ஆண்டவருக்கு வங்காளம் தெரியும்.

அவருக்குக் கீழே எழுத எடுத்தபோதுதான் தேடினேன்,
முதல் பக்கத்திலிருந்து.
ஊரே இருந்தது.
எப்சிபா இல்லை.
பேனா இரண்டு தடவை பிடிக்கவில்லை,
மூன்றாம் தடவை எழுதியது.

காலையில் டாக்டர் சொன்னார்,
இன்னும் நாற்பத்தெட்டு மணி நேரம்.
நேற்றும் இதையேதான் சொன்னார்.
நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

மருந்துச் சீட்டோடு மாடி இறங்குகிறேன்.
ஏழு மணிக்கே மொட்டை மலையில் வெயில் ஏறிவிட்டது.
டீக்கடையில் இரண்டு வாங்க வேண்டும்,
அவருக்குச் சர்க்கரை உண்டா இல்லையா, கேட்கவில்லை.
போனில் அலாரம் வைத்திருக்கிறேன்,
நாளைக்கு நாலரைக்கு.
அவள் எழுந்து வரும்வரை
அந்த ஷிஃப்ட் எனக்கு.